சத்தம் வராத மெத்தை

முதன்முதலாகக் கதையென ஒன்றை எழுதத் துணிந்துள்ளேன். வாசகப் பெருமக்கள் என் பிழைகளைப் பொறுத்தருள வேண்டும். எழுதாமலே இருந்துவிட எண்ணியதுண்டு. அந்தச் சுவரின் ஓசை என்னை விடவில்லை.

தொம்.

கேஷானி பின்னோக்கிப் பல்டி அடித்துச் சிமெந்துத் தரையில் இறங்கினாள். மறுகணமே பக்கத்துக் காம்பிராவிலிருந்து சுவரில் 'டக்' என்று ஒரு தட்டு விழுந்தது.

"பாத்தீங்களா? இன்னிக்கும் தொடங்கிருச்சு," என்றார் தாய் ஜெசிந்தினி, கணவரிடம்.

ஹாலிஎலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், ஓரறை வீடுகளான காம்பிராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்தில், சுவரைத் தட்டினால் பொருள் ஒன்றுதான்: சத்தத்தைக் குறை. ஒரு தட்டுக்கு வானொலி அடங்கும். கணவன் மனைவி சண்டையும் அடங்கும்.

பக்கத்துக் காம்பிராவுக்குக் கருப்பம்மா வந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. மடுல்சீமைப் பக்கத்து மண்சரிவில் வீட்டை இழந்து, தங்கை வீட்டில் ஒதுங்கியவர். எவரோடும் அவர் பேசுவதில்லை.

கேஷானி நான்கு முறை குதித்தால் நான்கு தட்டுகள். ஏழு முறை குதித்தால் ஏழு. அவள் பாடசாலையில் தங்கிவிட்ட ஒரு மாலை மட்டும், எவரும் குதிக்காத வேளையில், சுவரில் ஒரே ஒரு தட்டு மெதுவாக விழுந்தது. அன்று ஜெசிந்தினி சிலுவை போட்டுக்கொண்டார்.

பதினொரு வயதுக் கேஷானிக்கு அடுத்த மாதம் மாகாண ஜிம்னாஸ்டிக் போட்டி. சிமெந்தின் மேல் வெறும் சாக்கை விரித்துப் பழகியதில் வலது கணுக்கால் வீங்கியிருந்தது. இனியும் சிமெந்தில் இறங்கினால் அந்தக் கால் போட்டிக்கு உதவாது என்று பயிற்சி ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தந்தை அந்தோனி கைபேசியில் பதுளைக் கடையொன்றின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றடைத்து விரிக்கும் மெத்தை. எவ்வளவு குதித்தாலும் சத்தம் வராதாம்.

"கூரைத் தகரத்துக்கு வெச்ச காசு ஜெசி. மழை வந்தா மெத்தையைத் தலைக்கு மேல புடிச்சுக்குவோமா?"

"பிள்ள கால் முறிஞ்சா தகரத்தையா வெச்சுக் கட்டுவீங்க?"

"சரி, வாங்கினா நமக்கும் நல்லதுதான். பிள்ள குதிக்குதோ இல்லையோ, நான் நல்லாப் படுத்துக்குவேன்."

"ஆமா, காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகாம படுத்துக் கெடக்க ஒங்களுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்!"

சிரித்தபடியே கேஷானி மீண்டும் குதித்தாள். தொம். டக்.

அவளது சிரிப்பு நின்றது. "அப்பா, அவங்களுக்கு ஏன் என்னைப் புடிக்கல?"

அந்தோனி கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். "தகரத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றார். பின்னர் கணவனும் மனைவியும் மன்னிப்புக் கேட்கக் கருப்பம்மாவின் வாசலுக்குச் சென்றனர்.

கதவு திறந்தே இருந்தது. கருப்பம்மா சுவரோடு சாய்ந்து தரையில் அமர்ந்திருந்தார். அவரது விரல் மூட்டுகள் இன்னமும் சுவரின் மேலேயே இருந்தன.

"மன்னிச்சுக்கங்கக்கா. இவ்வளவு நாளா ஒங்களுக்குத் தொந்தரவு," என்றார் அந்தோனி. "பிள்ளைக்கு மெத்தை வாங்கப் போறோம். இனிமே சத்தமே வராது."

கருப்பம்மாவின் கை சுவரிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது.

"சத்தமே வராதா தம்பி?"

"துளிகூட வராதுக்கா."

அவர் சுவரை ஒருமுறை தடவினார். பிறகு, "வாங்குங்க. பிள்ள காலு முக்கியம்," என்றார்.

"நீங்க கோவிச்சுத் தட்டுனதுக்கு நாங்க ஒண்ணும் நெனைக்கலக்கா," என்றார் ஜெசிந்தினி.

"கோவமா?" கருப்பம்மா திகைத்து நிமிர்ந்தார். "எண்ணிக்கிட்டுல்ல இருந்தேன் தங்கச்சி."

அவர்களுக்கு விளங்கவில்லை. மூன்று மாதங்களாகக் கேட்காதிருந்த கேள்வியை அந்தோனி அப்போதுதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மண்சரிவுல ஒங்களுக்கு என்னென்னக்கா போச்சு?"

கருப்பம்மா விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"காம்பிரா ஒண்ணு. மாடு ரெண்டு. குதிக்கிற மக ஒண்ணு. இன்னிக்கு, இந்தச் சத்தம் ஒண்ணு."