சத்தத்தைக் கூட்டும் பொத்தான்

டிபன் டப்பாவைக் கழுவிவிட்டு வந்து எஸ்தர்ராணி உட்கார்ந்தபோது, அவளுடைய கம்ப்யூட்டர் ஊமையாகியிருந்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரல்தான் அவளுக்குக் கண். காலையில் மாற்றிய புதுக் கீபோர்டிலோ எல்லாப் பொத்தான்களும் விரலுக்கு ஒன்றுபோலவே இருந்தன.

"யாரு சார் சத்தத்தைக் குறைச்சது?"

"நான்தாம்மா. நாள் பூரா தொணதொணங்குது, கொஞ்ச நேரம் காது ஓயட்டும்னுதான்," என்றார் மேலாளர் குற்றாலிங்கம். "ஹெட்போன் மாட்டிக்கலாம்ல?"

"மாட்டினா, கூப்பிட்டது கேக்கலையான்னு கோச்சுக்கிறீங்க." எஸ்தர் அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நீங்க எழுதிட்டிருக்கும்போது என்னைக்காவது நான் லைட்ட அணைச்சிருக்கேனா சார்?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். மேலாளர் எழுந்து வந்து சத்தத்தைக் கூட்டவும் இல்லை. கர்த்தரே, என் நாவைக் காத்துக்கொள்ளும் என்று எஸ்தர் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். நெஞ்சு ஆறவில்லை.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு வளையல் சத்தம் அருகில் வந்தது. ஒரு கை அவள் விரலைப் பிடித்து ஒரு பொத்தானின் மேல் வைத்தது. அதில் சின்னதாக, வட்டமாக ஒரு ஒட்டுப்பொட்டு. நெற்றியின் சூடு இன்னும் அதில் இருந்தது.

எஸ்தர் அழுத்தினாள். அறை முழுக்கக் கேட்கட்டும் என்று, விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.