மரச் சிப்பாயின் உள்ளங்கை

"செருப்பைக் கழட்டிடு," என்றாள் அம்மா. மகள் ஏற்கெனவே கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

பொழுதுபோக்குப் பூங்காவின் கோபுர வாசலில் பச்சைச் சட்டை போட்ட மரச் சிப்பாய் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்த உள்ளங்கையில் தலை தட்டினால்தான் பிள்ளைகளுக்குக் கோபுரத்தைச் சுற்றி ஏறும் ரயிலில் இடம். முன்னால் நின்ற வாண்டு நுனிக்காலில் எம்பிப் பார்த்தது. எட்டவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றது.

அம்மா மகளின் தலையை இன்னொரு தரம் படிய வாரிவிட்டாள். "நாளைக்கு அளந்து பார்த்துடுவோம்" என்று டிசைனர் சார் நேற்று சொல்லி அனுப்பியதிலிருந்து இரண்டு பேருக்கும் பொட்டுத் தூக்கமில்லை. அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு வீட்டில் வாயே திறக்காத பெண், இந்தக் கோபுரத்தைப் பற்றி மட்டும்தான் ஓயாமல் பேசும். இன்றைக்கு மேலே விடவில்லையென்றால் அதுவும் போச்சு.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். மேகத்தைத் தொடுவது போலத்தான் தெரிந்தது. இங்கே பெருக்கித் துடைக்கிற அவளுக்குத்தானே தெரியும், மூன்று மாடிகூடத் தேறாது என்று. கல்லெல்லாம் சிமெண்டு, பாசியெல்லாம் பெயிண்ட். மேலே போகப் போகக் கல்லையும் ஜன்னலையும் சிறுக்கவைத்துக் கண்ணை ஏமாற்றியிருந்தார் டிசைனர் சார். சாயங்காலமானால் உச்சி ஜன்னலில் இளவரசி வந்து கையசைப்பாள். கீழே கூட்டம் ஆவென்று பார்க்கும்.

"அக்கா, நீங்களும் இளவரசியைப் பார்க்கத்தானே மேல போறீங்க?" என்றது வாண்டு.

மகள் சிரித்தாள்.

டிசைனர் சாரே வந்துவிட்டார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், ஒரு விரல்கடை முன்னேபின்னே இருந்தாலும் நீங்கதான் பார்த்துக்கணும்."

"என் கையில என்னம்மா இருக்கு? எல்லாம் இந்தச் சிப்பாய் கையிலதான்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. மகள் பக்கம் திரும்பினார். "வா கண்ணு. நல்லா நிமிர்ந்து நில்லு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். பெண் மெல்ல, மெல்ல நிமிர்ந்தாள்.

டக்.

"ஐ! அக்கா தொட்டுட்டாங்க!" வாண்டு கைதட்டிக் குதித்தது. வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் மட்டும் அந்த மரக்கைக்கு அடியிலேயே அசையாமல் நின்றாள்.

டிசைனர் சார் குனிந்து அவள் தோளில் கை வைத்தார்.

"வளர்ந்துட்டே கண்ணு. இனிமே அந்த ஜன்னல்ல நீ இளவரசியா நின்னா, கோபுரம் குட்டையாத் தெரியும்."