பொக்கை வாய்க்குப் போட்டி

பார்த்த நொடியிலேயே ஷாஹிந்தாவுக்கு நெஞ்சு படபடத்தது. இத்தனை மாதமாகத் தேடிய மனிதர் இவர்தான் என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது.

கல்லூரி வாசலில் நின்ற அந்த மனிதர் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். மேலே ஒன்றும் இல்லை. கீழேயும் ஒன்றும் இல்லை. பிறந்த குழந்தையின் வாய் மாதிரி வழவழவென்று இருந்தது.

"ஹாஜியாரே!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் வகுப்பு ஹம்தியும் வெள்ளைக் கோட்டு பறக்க ஓடிவந்து, கிழவரின் கையைப் பிடித்துவிட்டான்.

"ஏய், நான்தான்டா முதல்ல பார்த்தேன்!"

"பார்த்தா ஆச்சா? பிடிச்சது யாரு?"

கெய்ரோவின் அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் தேற வேண்டுமானால், பல்லே இல்லாத ஒரு வாய்க்கு முழு பல்செட் கட்டிக் காட்ட வேண்டும். வாயை மாணவர்களேதான் பிடித்து வர வேண்டும். கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வருடம் அதே பெஞ்சு.

ஷாஹிந்தா டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கிவிட்டாள். அவள் குடியிருக்கும் கட்டடத்தின் காவலாளிக்கு இரண்டே இரண்டு பல்தான். "அதையும் பிடுங்கிடலாமா மாமா?" என்று கேட்டதற்கு அவர் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஹாஜியாரே, டாக்ஸியில கூட்டிட்டு வந்து டாக்ஸியிலயே விடறேன்" என்றான் ஹம்தி.

"நான் டாக்ஸியோட கபாபும் வாங்கித் தர்றேன்."

"எதை வெச்சு மெல்லுவாராம்?"

"பல்லு கட்டினதுக்கு அப்புறம்டா, மடையா!"

பெரியவர் சிரித்தார். பெயர் பயூமி. நகரத்தின் இம்பாபா பகுதியில் தள்ளுவண்டியில் ஊறுகாய் விற்பவர். "சண்டை போடாதீங்க புள்ளைங்களா. எனக்கு எதுக்குப் பல்லு? மசிச்ச ஃபூல் மொச்சைக்கு ஈறே போதும். என் பொண்டாட்டி பாடுதான் பெரும்பாடு. கடவாய்ப் பல்லு. மூணு நாளா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னைத் திட்டறா. வெளியில டாக்டர்கிட்ட போனா, வண்டியை வித்துட்டு வான்னு சொல்லுவான் போல."

ஹம்தி யோசித்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க, நான் பார்க்கறேன்!" என்று ஷாஹிந்தா முந்திக்கொண்டாள். சந்தோஷத்தில் அவர் அங்கியில் ஒட்டியிருந்த தர்பூசணி விதைத் தோல்களைத் தன் கையாலேயே தட்டிவிட்டு, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி அவரை உள்ளே அழைத்துப் போனாள்.

மனைவியின் பல் சரியானது. அடுத்த வாரம் ஈறுக்கு அளவெடுக்கும் நாளில் பயூமி தன் மகளோடு வந்தார். அவளுக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது.

"நிச்சயதார்த்தம் வருது டாக்டரம்மா. வாயையே திறக்க மாட்டேங்கறா. மாப்பிள்ளை வீட்டுல ஊமைன்னு நினைச்சுட்டாங்க."

ஷாஹிந்தா அன்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தப் பல்லைக் கட்டினாள். அதற்கடுத்த வாரம் மூன்று பேரப்பிள்ளைகள் வந்தார்கள். மூன்று வாயிலும் சேர்த்து ஒன்பது சொத்தை. கடைக்குட்டி அவள் விரலைக் கடித்து வைத்தான்.

"ஹாஜியாரே, நான் பல்லு கட்டறது உங்க வாய்க்கு. உங்க தெருவுக்கே இல்ல."

"சரிம்மா, கஷ்டமா இருந்தா விடு. ஹம்தி தம்பி நேத்துகூட போன் பண்ணினாப்ல. தங்கமான புள்ள."

ஷாஹிந்தா அடுத்த ஜோடிக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

பரீட்சை நாள் வந்தது. ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் ஒன்பதரைக்கும் வரவில்லை. ஷாஹிந்தா இருக்கிற நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்தபோது, வீங்கிய கன்னத்தோடு ஒரு தடியரை இழுத்துக்கொண்டு பயூமி வந்து சேர்ந்தார்.

"என் மச்சான். ஊசின்னா ஓடுவான், அதான் தாமதம். பரீட்சை முடிஞ்சதும் இவனையும் பார்த்துடறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் நிம்மதியா உட்காருவேன்."

"பார்க்கறேன், சத்தியமா பார்க்கறேன்! முதல்ல உட்காருங்க!"

தேர்வாளர் பேராசிரியை சுஹைர் வந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மாணவர்களுக்குக் குளிர் ஜுரம் வரும். புதுப் பல்செட்டைக் கழற்றச் சொல்லி, வெறும் ஈறையே வெகுநேரம் பார்த்தார். பயூமி கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்தபடி கிடந்தார்.

"மாட்டிக்குங்க. கடிங்க."

கடித்தார்.

"சிரிங்க."

சிரித்தார். அறையே வெளிச்சமானது மாதிரி இருந்தது.

"நல்லா கட்டியிருக்கே. பாஸ்" என்றார் பேராசிரியை.

ஷாஹிந்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பயூமி எழுந்து, "இதோ, மச்சானை இழுத்துட்டு வந்துடறேன் டாக்டரம்மா" என்று வெளியே நழுவினார்.

பேராசிரியை மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டபடியே கேட்டார். "இதுவரைக்கும் யார் யாரைக் கூட்டிட்டு வந்தாரு?"

இவருக்கு எப்படித் தெரியும்? ஷாஹிந்தா விழித்தாள். "பொண்டாட்டி, பொண்ணு, பேரப்பிள்ளைங்க மூணு பேரு... இப்போ மச்சான், மேடம்."

பேராசிரியை பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"தப்பிச்சே போ. நான் பரீட்சைக்கு நின்ன வருஷம் அவரோட மாமியார் வேற உயிரோட இருந்தாங்க."