கரடியண்ணன் தேன்கடை

கரடி தேன்கடை திறந்து மூன்று மாதமாகியும் நாளுக்கு நாலு பேர்தான் வந்தார்கள்.

"தினமும் போன்ல ஏதாவது பதிவு போடணுமாம். புதுசா சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? கடையை மூடிடறேன்" என்று பக்கத்து மரத்து மைனாவிடம் புலம்பியது.

"நேத்து முயலக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"வேப்பந்தேன் லேசா கசக்கும், பயப்படாதேன்னேன்."

மைனா அதையே படத்தோடு போட்டது. உறைந்த தேன் கெட்டுப்போச்சா என்று அணில் கேட்டதற்குக் கரடி சொன்ன பதிலைக் குட்டி வீடியோவாக்கியது. தேனீக்களிடம் கொட்டு வாங்கிய பழைய கதையை மூன்று துண்டாக்கி மூன்று நாள் ஓட்டியது.

வாரக்கடைசியில் ஓடைக்கரை வரை கூட்டம்.

"எல்லாம் நான் பேசினதுதானே! எனக்கு ஏன் தோணலை?" கரடி வாய்பிளந்து மைனாவைப் பார்த்தது.

"அப்படியே நில்லுங்கண்ணே" என்று போனை உயர்த்தியது மைனா. "நாளைக்கு இதுதான்."