பனை நின்ற இடம்

நான்காவது முறையும் ஈயக்குண்டு சேற்றோடுதான் மேலே வந்தது.

அவர் வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். குண்டின் அடியில் சோப்பு அப்பியிருந்தது. கடலின் தரை அதில் ஒட்டிக்கொண்டு வரும். கடலுக்கடியில் பாறை இருந்தால் சிப்பித் தூள் ஒட்டியிருக்கும். மீன்கள் அந்தப் பாறையைச் சுற்றித்தான் கிடக்கும்.

"சேறு," என்றார் வள்ளக்காரர் பனியடிமை. கயிற்றைச் சுருட்டினார்.

கரை வெகுதூரத்தில் ஒரு கோடாகக் கிடந்தது. அதில் வெள்ளையாகத் தெரிந்தது அவருடைய வீடு.

பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டின் எல்லா ஜன்னலிலிருந்தும் கடலைப் பார்த்திருக்கிறார். கடலிலிருந்து வீட்டைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சின்னதாக இருந்தது.

அழகான வீடுதான், அதில் குறையே சொல்ல முடியாது. கரண்ட் சூரியனிடமிருந்து. குடிக்க மழைத் தண்ணீர். அடுப்புக்குச் சாண எரிவாயு. கீரை, முருங்கை, பப்பாளி, பால், முட்டை எல்லாம் வேலிக்குள்ளேயே. குளித்த தண்ணீர்கூட வீணாகாமல் வாழைக்குப் போனது. சென்னையிலிருந்து வரும் நண்பர்களுக்கு இதையெல்லாம் சுற்றிக் காட்டும்போது அவருக்குத் தலைகால் புரியாது.

"மீன் ஒண்ணுதான் வெளியேயிருந்து வருது," என்பார் கடைசியில்.

அந்த மீனைக் கொண்டுவந்தவர் பனியடிமை. வெயில் ஏறுவதற்குள் வாசலில் பெட்டியோடு வந்து நிற்பார். விளமீன். சில நாள் கலவா.

போன சித்திரையில்தான் பனையை வெட்டினார்கள்.

வீட்டுக்குப் பின்னால் மணல்மேட்டில் நின்ற ஒற்றைப் பனை. சாயங்காலம் நான்கு மணிக்கு அதன் நிழல் சோலார் பலகைகள்மேல் விழும்.

"ஒரு மணி நேர நிழல்தானேங்க," என்றாள் மனைவி வசுமதி.

அந்த ஒரு மணி நேரம் ஒரு அறையின் ஏசி என்றார் அவர். ஜேசிபி வந்தது. மரத்தை வேரோடு எடுத்து, மேட்டை நிரவி, அங்கேயும் வரிசையாகப் பலகைகள் போட்டாயிற்று.

ஆடிக்குள் மீன் குறைந்தது. பிறகு பனியடிமை வருவதே நின்றுபோனது.

கடலில் மீன் வற்றிவிட்டது என்று அவர் நினைத்தார். விருந்தாளிகளிடம் அதைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசவும் செய்தார்.

பனியடிமை வள்ளத்தை விற்கிறார் என்று நேற்றுத்தான் காதில் விழுந்தது. போய்க் கேட்டார். திங்கட்கிழமை கொச்சிக்குக் கிளம்புகிறாராம். ஐம்பத்தாறு வயதில், யாருடைய விசைப்படகிலோ வலை இழுக்க.

அவர் இத்தனை நாள் மீன் பிடித்தது கடலுக்கடியில் ஒரு பாறையில்; அப்பா மகனுக்கு மட்டும் காட்டிக்கொடுத்த பாறை அது. பனை உச்சியும், அதற்குப் பின்னால் ஊர்க் கோயில் சிலுவையும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். அந்தக் கோட்டிலேயே கடலுக்குள் போக வேண்டும். எவ்வளவு தூரம் என்பதற்கு உப்பளத்துப் புகைக்கூண்டு குறி. அது இன்னும் நிற்கிறது.

"ஜிபிஎஸ்ல குறிச்சு வெச்சிருக்கலாமே?"

"மெசின்ல ஏத்துனா ஊருக்கே தெரிஞ்சிரும்னு அப்பா சொல்லுவாரு. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"வெட்டும்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்க எடம். உங்க மரம். நா எப்படி சார் கேக்க?"



இன்று காலை அவருக்கு ஒரு யோசனை வந்தது. பனை நின்ற இடத்தில் வசுமதி முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்பாள். இங்கிருந்து பார்த்தால் அது மின்னும். அந்த மினுக்கத்தையும் சிலுவையையும் நேராக வைத்துப் பாறையைப் பிடித்துவிடலாம். அதன்பிறகு அந்த இடத்திலேயே பனை உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டுவிடுவார். கொச்சிக்குப் போக வேண்டியதில்லை.

பனியடிமை மறு பேச்சுப் பேசாமல் வள்ளத்தை இறக்கினார்.

"அங்க நாலடி தப்புனா இங்க ஒரு தெரு தப்பும் சார்," என்று மட்டும் சொன்னார்.

போன் அடித்தது.

"என்னங்க, நான் நிக்கிறது சரிதானா? நாலு தடவை மாறிட்டேன்."

"மூணாவது வரிசை."

"மூணாவதுன்னுதான் முதல்ல நின்னேன். நீங்கதான் அப்புறம் நாலாவதுன்னீங்க. எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு. ஒரு அடையாளமும் இல்ல."

"பழைய போட்டோ எதிலயாவது பாரேன்."

"பாத்துட்டேங்க. ஆயிரம் போட்டோ இருக்கு. எல்லாத்துலயும் கடல்தான் இருக்கு."

அவர் பனியடிமையைப் பார்த்தார். "உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எந்த இடம்னு?"

"நா இங்கயிருந்துதான பாத்துருக்கேன் சார்."

கரையில் கண்ணாடி மின்னியது. சற்று வடக்கே போய் நின்று மறுபடி மின்னியது.

"இங்கயாங்க?"

கண்ணை மூடி அந்தப் பனையை நினைத்துப் பார்க்க முயன்றார். நிழல்தான் ஞாபகம் வந்தது. நான்கு மணிக்கு நீளமாக, பலகைகள்மேல். மரம் எங்கே நின்றது? பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றதில்லை. பனியடிமையிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்.

பனியடிமை சேற்றை வழித்துவிட்டுக் குண்டின் அடியில் புதிதாகச் சோப்பு அப்பிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சொல்லுங்க. இங்கயா?"

"கொஞ்சம் தெற்கே," என்றார் அவர்.

வெளிச்சம் தெற்கே நகர்ந்தது.

அவர் சொன்னதை நம்பி, பனியடிமை வள்ளத்தைத் திருப்பினார்.