சார்ஜென்ட் கொடுக்காத லீவு

"லீவு கிடையாது" என்றார் சார்ஜென்ட் கிரோகா, தலையை நிமிர்த்தாமலே.

வில்னருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போன வாரம் சரின்னீங்களே சார்ஜென்ட்? நாளைக்கு மயாமில என் தங்கச்சிக்குக் கல்யாணம்."

"குடியுரிமை ஃபாரத்தைக் கொடுத்தா சரின்னேன். எங்கே ஃபாரம்?"

"வந்து கொடுத்துடறேனே."

"மூணு மாசமா இதைத்தான் சொல்றே. செவ்வாய்க்கிழமை கப்பல் ஏறணும். முடிச்சுட்டுக் கிளம்பு."

வில்னர் ஹைதியில் பிறந்தவன். பத்து வயதில் அமெரிக்காவுக்கு வந்தவன். படையில் சேர்ந்தவர்களுக்குக் குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும். ஆனால் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். சான் டியாகோ முகாமில் அவனைப் போல இன்னும் நாலு பேர். எல்லோரையும் கிரோகா இதற்காகவே விரட்டிக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்து எழுதினான். குடியிருந்த விலாசங்கள், பார்த்த வேலைகள், வெளிநாடு போய்வந்த தேதிகள். மதியம் இரண்டு மணிக்கு நீட்டினான்.

கிரோகா வரிவரியாகப் படித்தார். "கேப்டன் கையெழுத்து வேணும். நாளைக்குக் காலையிலதான் வருவார்."

"திங்கட்கிழமை வாங்கிக்கறேன் சார்ஜென்ட்!"

"முடியாது. ஒரு எழுத்து தப்புன்னாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. நீ இங்க இருக்கணும்."

"அப்பா இல்லாத பொண்ணு. நான்தான் கையைப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போகணும்."

"கேட்டுட்டேன். போ."

பக்கத்துக் கட்டில் டாப்சன்தான் ஆறுதல் சொன்னான். "அந்தாளுக்கு வெளிநாட்டுக்காரங்கன்னாலே ஆகாதுடா. அந்தாளோட அப்பாவும் மெக்ஸிகோலேர்ந்து வந்தவர்தான். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிற ரகம்."

தங்கை மிர்லான்ட் போனில் அழவில்லை. "பரவாயில்லண்ணா. மாமா கூட்டிட்டுப் போவார்" என்றாள். அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கப்பலில் ஏழு மாதம். "எஸ் சார்ஜென்ட்", "நோ சார்ஜென்ட்" தவிர அவன் கிரோகாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வந்த மூன்றாவது வாரம் வலது கையை உயர்த்திக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தான். ஆறு மாத வயிற்றோடு மிர்லான்ட் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கிரோகா கடைசியில் நின்றிருந்தார். வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை.

"பாஸ்போர்ட் வந்ததும் சொல்லு. ஒருத்தனைப் பார்க்கணும்."

பாஸ்போர்ட் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் எல்லையை நடந்தே தாண்டி மெக்ஸிகோவின் டிஹுவானாவுக்குப் போனார்கள். தெருவோர வண்டியில் ஒருவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இவர்களுடைய படைப்பிரிவின் சின்னம் பச்சை குத்தியிருந்தது.

"எஃப்ராயின். போர்ல எரியற வண்டிக்குள்ளேர்ந்து என்னை இழுத்துப் போட்டவன்" என்றார் கிரோகா.

எஃப்ராயின் சிரித்தபடி மீனை ரொட்டியில் மடித்து ஆளுக்கொரு டாகோ கொடுத்தார். "பேப்பர் வந்துடுச்சா தம்பி?"

"வந்துடுச்சுண்ணே. நீங்க ஏன் இங்க இருக்கீங்க?"

"ரெண்டு தடவை போருக்குப் போனேன். படையை விட்டு வந்தப்புறம் தூக்கமே கிடையாது. குடிச்சேன். ஒரு நாள் பார்ல அடிதடி. ரெண்டு வருஷம் உள்ளே போட்டாங்க. குடியுரிமை இருக்கிறவன்னா தண்டனை முடிஞ்சு வீட்டுக்குப் போவான். என்னைப் பொறந்த நாடுன்னு இங்க கொண்டுவந்து தள்ளிட்டாங்க. பதினோரு வருஷமாச்சு. பொண்ணு அந்தப் பக்கம் காலேஜ் போறா."

"ஃபாரம் போடவே இல்லையா நீங்க?"

"பாதி எழுதினேன். அதுக்குள்ள அம்மாவுக்கு ஆபரேஷன்னு தகவல். என் சார்ஜென்ட் தங்கமான மனுஷன். 'முதல்ல அம்மாவைப் பாருடா, காகிதமெல்லாம் எங்கே ஓடிடப் போகுது'ன்னு அன்னிக்கே லீவு கொடுத்து அனுப்பினார். வந்ததும் போருக்குக் கிளம்பிட்டோம். அப்புறம் யாருக்கு ஞாபகம்?"

வில்னர் கிரோகாவைப் பார்க்காமல் சொன்னான். "அப்படி ஒரு சார்ஜென்ட் எனக்கு வாய்க்கலைண்ணே."

எஃப்ராயின் சட்டென்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது நான்தான்" என்றார் கிரோகா.