பனி கலைந்த பிறகு

பனிக்குள் ஜீப் மிதந்துகொண்டிருந்தது.

ரோடு இல்லை. தேயிலைச் சரிவும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே வெள்ளை.

ஆனாலும் அப்பாவின் கைகள் ஸ்டியரிங்கைத் திருப்பின. வளைவு அங்கேதான் இருந்தது.

"சவரிமுத்தண்ணே, கண்ணக் கட்டிவிட்டாலும் எங்கள பத்தாம் நம்பர் காட்டுல எறக்கிருவீங்க போல," என்றாள் பின்னாலிருந்து பாக்கியம் அக்கா. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார்.

முன்சீட்டில் பள்ளிக்கூடப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் மட்டும் சிரிக்கவில்லை.

போன மழைக்காலத்திலிருந்தே அவர் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. எஸ்டேட்டுக்குத் தெரிந்தால் வேலை போகும். எஸ்டேட் கொடுத்திருக்கிற லைன் வீடும் போகும்.

"வளைவெல்லாம் என் கைக்குத் தெரியும் பாப்பா. நடுவுல ஏதாச்சும் வந்தா மட்டும் நீ சொல்லு."

சொல்லிக்கொண்டே வந்தாள். மெல்ல, அவர் காதுக்கு மட்டும்.

கல்லுப்பா.

பால்காரருப்பா.

பனி கலையத் தொடங்கியது. கண்ணாடியில் ஒரு துளி இறங்கியது. அதற்குள் ஒரு மலை தலைகீழாக நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடை.

சிவப்புக் குடை. அதன் கீழே ஒரு குழந்தை. குடை ஜன்னலை உரசிக்கொண்டு பின்னால் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. குடை மட்டும் ரோட்டில் உருண்டது.

அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வெயில் வந்துவிட்டது. முன்னால் ரோடு நீளமாக, காலியாகக் கிடந்தது.

"யானைப்பா," என்றாள்.

ஜீப் நின்றது. அப்பா இன்ஜினை அணைத்தார். யாரும் பேச வேண்டாம் என்று பின்பக்கம் கையைக் காட்டினார். யானைக்கு ஹாரன் அடிக்கக் கூடாது. அதுவாக நகரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த மலையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வெயிலை. ரோட்டை. பிறகு அப்பாவின் முதுகை.

ஒருத்தி ஏதோ கேட்க வாயெடுத்தாள். பாக்கியம் அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்பா மூச்சுச் சத்தத்தில் கேட்டார்.

"குட்டி இருக்கா?"

"இருக்குப்பா. படுத்துத் தூங்குது."

அவர் தலையாட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.